அவருக்கு இரண்டு பற்றரி

1

இறந்தவருக்குப் படைக்க என்னென்ன வாங்க வேண்டும் என்று ஊரிலிருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கத்தரிக்காய், வாழைக்காய், பயிற்றங்காய், ஆள் விரும்பிச் சாப்பிட்ட ஏதாவது ஒன்று. போன கிழமை நான் மெல்பேர்னின் ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் இவை எல்லாவற்றையும் வாங்கி முடித்துவிட்டு, கை வலிக்க வலிக்க, இரண்டு பற்றரிக்காக அலைந்தேன்.

என் கணவர் குணத்துக்கு ஆட்டைத் திவசம், அவர் போய் ஒரு வருடம். இங்கே இது இலைகள் சிவக்கிற காலம். போன வருடமும் சிவந்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. இந்த வருடம் பார்க்கிறேன். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது ஒரு இலை தோளில் விழுந்தால் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்க்கிறேன்.

பற்றரி அவருடைய வேப்புக்கு. வேப் இப்போது ஊரிலும் தெரிந்த சாமான்தான். சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கிற மின்கருவி. பட்டனை அழுத்தி இழுத்தால் உள்ளே ஒரு கம்பி சூடாகி, வாசத் திரவம் புகையாக வரும். அவருடையது ஒரு சவர்க்காரக் கட்டி அளவு. அதன் வயிற்றுக்குள் திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய இரண்டு பற்றரிகள் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கும், ஒன்று நேராக, மற்றது தலைகீழாக.

போன மனிசனுக்கு ஏன் வேப், அதுவும் வேலை செய்கிற வேப் என்று கேட்பீர்கள். அதற்குப் போன வருடம் அவர் இறந்த எட்டாம் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

2

அவருக்குச் சிகரெட் பழக்கம் சிட்னியில், வில்லாவுட் தடுப்பு முகாமில் பிடித்தது. நாட்டுக்குள் வந்திறங்கியதும் அவரை அங்கேதான் வைத்திருந்தார்கள். “அங்கை வேறை என்ன வேலை, வசந்தி? காத்திருக்கிறதும் சிகரெட் பத்துறதும்தான்” என்பார். முகாம் அவரை விட்டது. சிகரெட் விடவில்லை.

எங்களுக்கு ஒரே பிள்ளை, தர்சினி. இங்கேயே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் அனேகமாக ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், கோபமும் அக்கறையும் அழுகையும் வந்தால் தமிழ் வரும். பல்கலைக்கழகம் போன முதல் வருடம், பகுதிநேர வேலையில் சேர்த்த காசில் இந்தக் கருவியை வாங்கிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

“அப்பா, இதுவும் கூடாதுதான். பட், சிகரெட்டை விட்டுட்டு முதல் இதுக்கு வாங்கோ. பிறகு இதையும் விடுறீங்கள். டீல்?”

“டீல்” என்றார் அவர். மகள் சொல்லி அவர் மறுத்த ஒன்றும் கிடையாது. செய்து முடித்தது குறைவு. இதை மட்டும் முடித்தார். சிகரெட்டை விட்டார். குளிர்காலக் காலைகளில் கராஜுக்குப் பின்னால் நின்று நடுங்கி நடுங்கி விட்டார். பிறகு திரவத்திலும் நிக்கொட்டினைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் வெறும் வாசம் மட்டும் மிஞ்சியது. வனிலா கஸ்ரட். எங்கள் வீட்டில் தினமும் யாருக்கோ பிறந்தநாள்போல மணக்கும்.

வேலைக்குப் போன இடத்தில், தேநீர் இடைவேளையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை.

இங்கே கொள்ளி வைப்பதில்லை. தகனசாலையில் ஒரு திரை, ஒரு சுவர், சுவரில் ஒரு பட்டன், அழுத்தினால் பெட்டி உள்ளே போகும். சிட்னி நார்த்மீட்டிலிருந்து வந்திருந்த அவருடைய தமையன், எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை என்பதால், தான் அழுத்தக் கையை நீட்டினார். அதற்குள் தர்சினி அழுத்திவிட்டாள். திரைக்குப் பின்னால் ஏதோ ஒரு இயந்திரம் பெருமூச்சு விட்டது.

எட்டாம் நாள் படையல். நான் பாயில் கிடந்தேன். சமைத்ததும் பரப்பியதும் மற்றவர்கள். தமையன் நல்ல மனிசன். தம்பி என்றால் அவருக்குச் சிகரெட்டோடு நிற்கிற பழைய தம்பிதான். கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்து, ஒன்றைப் பற்றவைத்து, படத்துக்கு முன்னால் சோற்றுப் பீங்கான் விளிம்பில் வைத்தார். வழக்கப்படி, ஆள் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று அறைக் கதவைச் சாத்தினார்கள். கதவிடுக்கால் புகை வந்தது.

“ஹூ லிட் தற்? ஆர் பத்த வைச்சது?” தர்சினியின் குரல் அந்த வீட்டில் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. “அப்பா விட்டவர்! எவ்வளவு கஷ்ரப்பட்டு விட்டவர். திருப்பி நீங்கள் பழக்கி விடுறீங்கள்!”

“பிள்ளை” என்றார் அவளுடைய பெரியப்பா, ஆறுதல் சொல்லுகிற நினைப்பில், “செத்தவனுக்கு இனி என்ன நோய் வருத்தமே வரப்போகுது?”

யாரோ சிரித்துவிட்டார்கள். செத்த வீட்டில் வருகிற, அடக்க முடியாத சிரிப்பு. அவள் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

தொடர்பை அறுத்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். இரண்டு கிழமைக்கொரு தடவை ஸ்பிரிங்வேலில் ஒரு வியட்நாமியச் சூப் கடையில் சந்திப்போம். என் இரத்த அழுத்தம் கேட்பாள். வேலை எப்படி என்று கேட்பாள். நான் முதியோர் இல்லமொன்றில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை செய்கிறேன். அங்கே யாருடைய சட்டையில் யாருடைய பெயர் மாறி ஒட்டியது என்று கதை சொல்லுவேன். சிரிப்பாள். “வீட்டை வாவன், பிள்ளை” என்றால் கோப்பைக்குள் பார்த்து, “பிறகு பாப்பம்” என்பாள். அந்த இரண்டு சொல் மட்டும் சுத்தத் தமிழ்.

அந்தப் புகை எனக்குள்ளும் ஒரு வருடமாகக் கலையவில்லை. வென்று போன மனிசனைத் தோற்றவராக வழியனுப்பிவிட்டோம். இம்முறை அவர் வரும்போது சிகரெட் இருக்கக்கூடாது. வேப் இருக்க வேண்டும். பொம்மையாக இல்லை, இழுத்தால் புகைகிற வேப். அதைச் சொல்லித்தான் தர்சினியைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். இதற்கும் வராவிட்டால், இனி எதைச் சொல்லியும் அவளை இந்த வீட்டுக்குள் கொண்டுவர முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

3

கருவி அலுமாரியில் இருந்தது. உள்ளே பற்றரி இரண்டும் செத்துக் கிடந்தன. அவற்றின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் தோல் இருக்கும். அது உரிந்த இடத்தில் அவர் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றியிருந்தார், காயத்துக்குக் கட்டுப் போட்டதுபோல.

போரில் பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களால் பற்றரியை எறிய முடியாது. செத்ததை வெயிலில் வைத்தால் பின்னேரச் செய்தி கேட்கும் அளவுக்கு வானொலிக்கு உயிர் வரும். அந்தக் கை இங்கே வந்தும் மாறவில்லை. இங்கே கோடை வருகிற தை மாதமொன்றின் நெருப்பு வெயிலில், குசினி யன்னல் விளிம்பில் வேப் பற்றரிகளை அவர் அடுக்கி வைத்திருந்ததை தர்சினி கண்டுவிட்டாள்.

“அப்பா! வட் ஆர் யூ டூயிங்?”

“காயவிடுறன், பிள்ளை. கொஞ்சம் சோர்ந்து போச்சுது.”

“இது என்ன வடகமே? லிதியம், அப்பா. வெடிக்கும்!”

“நாங்கள் வெடிக்கிறதுக்குப் பயந்த ஆக்களே?”

“நான் பயப்பிடுறன். எனக்கு ஒரு அப்பாதான் இருக்கிறார்.”

அன்றைக்குப் பிறகு அவருடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் கொண்டுவருவது இரண்டு பற்றரி. பிளாஸ்ரிக் டப்பியில், நல்ல கடையில் வாங்கியது, எந்தக் கருவிக்கு என்று சொல்லி வாங்கியது. கூடவே கட்டளைகள். மலிவுக்கு ஓன்லைனிலை வாங்காதேங்கோ, மேலை எழுதியிருக்கிற வலு உள்ளுக்கு இராது. தோல் உரிஞ்சால் ரேப் சுத்தாதேங்கோ, மாத்துங்கோ. சாவி, சில்லறையோடை பொக்கற்றிலை போடாதேங்கோ. புதுசையும் பழசையும் கலக்காதேங்கோ, ஒண்டு போனால் ரெண்டையும் மாத்த வேணும். சார்ஜிலை போட்டிட்டு வீட்டைவிட்டு வெளிக்கிடாதேங்கோ, ஆராவது பக்கத்திலை இருக்க வேணும்.

“ஓம் மேடம், ஓம் மேடம்” என்பார். பிறகு எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு ரேப்பைத் தேடுவார்.

தகப்பனும் மகளும் வேறு பெரிதாக ஒன்றும் பேசிக்கொண்டதாக எனக்கு ஞாபகமில்லை. அரசியல் தொடங்கினால் அவள் எழும்பிப் போவாள், அவளுடைய சிநேகிதர்களைப் பற்றி அவர் கேட்க மாட்டார். பற்றரி என்றால் மட்டும் இருவரும் அரை மணித்தியாலம் சண்டை பிடிப்பார்கள்.

ஒன்று போனால் மற்றதையும் மாற்ற வேண்டும் என்ற அந்தக் கட்டளை. எழுதுகிற கைக்கு இப்படி ஒன்று அகப்பட்டால் சும்மா விடாது. நான் விட்டுவிடுகிறேன். ஒன்று போன பிறகும் மற்றது காலையில் எழும்பி, தலை இழுத்துச் சீவி, பேருந்துக்கு ஓடத்தான் செய்கிறது.

4

இங்கே சட்டம் மாறிவிட்டது. வேப் விற்ற கடைகளை மூடிவிட்டார்கள். இப்போது மருந்துக் கடையில்தான் கேட்க வேண்டும். போனேன். கண்ணாடி போட்ட இளம்பெண், மிகவும் அன்பானவள்.

“நீங்கள் புகைப்பதை நிறுத்த முயற்சிக்கிறீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“இல்லை. என் கணவருக்கு. பற்றரி மட்டும் போதும்.”

பற்றரி தனியாகத் தங்களிடம் இல்லை என்றாள். வேறு எது வேண்டுமென்றாலும் அவரே நேரில் வந்து கதைக்க வேண்டுமாம். “அவர் எப்போது வரக்கூடியதாக இருக்கும்?”

“வெள்ளிக்கிழமை வருவார்” என்று வாயில் வந்துவிட்டது. “ஆனால் வீட்டுக்கு மட்டும்தான்.”

அவள் புன்னகைத்தாள். நானும் புன்னகைத்தேன். வெளியில் வந்து அடுத்த கடையைத் தேடி நடந்தேன்.

அடுத்தது, ஸ்பிரிங்வேலில் கையில் பிடிக்கிற ரோச் லைற்றும் மீன்பிடி விளக்கும் விற்கிற ஒரு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் விதம்விதமான பற்றரிகள், மிட்டாய்போல. வயதான வியட்நாமியக் கடைக்காரர் எதற்கு வேண்டும் என்று கேட்டார். வாயைத் திறக்கிறேன், பின்னாலிருந்து ஒரு குரல்.

“என்ன வசந்தி, இங்கை? திவசத்துக்குச் சாமான் வாங்கியாச்சோ?”

சரசக்கா. கோவிலில் என்னோடு காய்கறி வெட்டுகிறவ. நல்லவ, ஆனால் அவவிடம் சொன்னது கொடியேற்றத்துக்கு முன்னமே கோவிலைச் சுற்றி வந்துவிடும். புருஷன் செத்த வருடத்தில் வசந்தி வேப் பற்றரி வாங்கினாள் என்று அவ சொன்னால், இழுக்கிறது வசந்தி என்று அடுத்த வாய் சொல்லும்.

“ரோச் லைற்றுக்கு, அக்கா. கராஜ் இருட்டு” என்றேன். கடைக்காரரிடமும் ஆங்கிலத்தில் அதையே சொன்னேன்.

“சேவ் ஆனது வேணும், வெடிக்காதது” என்று கேட்டேன். அவர் மிகுந்த அக்கறையோடு இரண்டைத் தெரிந்தெடுத்தார். பாதுகாப்புக்கு உள்ளேயே ஒரு சின்ன மின்சுற்று வைத்ததாம். வெரி சேவ், வெரி குட் என்றார். ரோச்சுக்கு அது உண்மைதான்.

வீட்டுக்கு வந்து கருவியைத் திறந்தேன். பற்றரி ஒரு நூல் நீளம் கூடுதல். அந்தப் பாதுகாப்புச் சுற்று எடுத்துக்கொண்ட இடம். எனக்கு அது அப்போது தெரியாது. மூடி மூடவில்லை. நெருக்கமான சட்டைக்குள் பிள்ளையின் கையைத் திணிப்பதுபோலத் திணித்தேன். உலோக விளிம்பில் பற்றரியின் தோல் கிழிகிற சத்தம் கேட்டது. கேட்டும் அழுத்தினேன். மூடி மூடியது.

கொஞ்ச நேரத்தில் கருவி கைக்குள் சூடாகத் தொடங்கியது. ஒரு விநாடி, வெட்கத்தோடு சொல்கிறேன், அவருடைய கைச்சூடு என்று நினைத்தேன். பிறகு சுட்டது.

மூடியைத் திறந்து, துணியால் பிடித்து, கிழிந்ததை வெளியே உதறினேன். மேசையில் உருண்டது. சுட்ட கையை உதறிக்கொண்டே மற்றக் கையால் தர்சினிக்குப் போன் அடித்தேன்.

“பிள்ளை, பற்றரி சுடுகுது.”

“எந்தப் பற்றரி?”

“அப்பான்ரை வேப்புக்கு வாங்கினது.”

என் மகளின் குரல் வந்தது, தகப்பனோடு சண்டை பிடிக்கிற அதே குரல்.

“அம்மா, கவனமாக் கேளுங்கோ. புகையுதோ? இல்லையோ? சரி. கையாலை தொடாதேங்கோ. மண்சட்டி இருக்குதல்லே, அதுக்குள்ளை தள்ளி, வெளியிலை சீமெந்திலை கொண்டுபோய் வையுங்கோ. வீட்டுக்குக் கிட்ட வேண்டாம். குப்பைப் பெட்டி வேண்டாம். வைச்சிட்டுத் தள்ளி நில்லுங்கோ. கிட்டப் போகாதேங்கோ, அம்மா. நான் வாறன்.”

நான் வாறன். ஒரு வருடம் நான் காத்திருந்த சொல். மீன்கறி வைக்கிற அந்த மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு நடக்கும்போது, பயத்தோடு பயமாக, அந்தச் சொல்லையும் ஏந்திக்கொண்டு நடந்தேன்.

5

பக்கவாசலால் நேரே பின்வளவுக்கு வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. சட்டியைத் தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். பற்றரி ஆறிக்கொண்டிருந்தது. நாளை வரை அங்கேயே கிடக்கட்டும், பிறகு பழைய பற்றரி சேர்க்கிற இடத்தில் கொடுக்கிறேன் என்றாள். மற்றதையும் அவருடைய செத்த சோடியையும் தன்னிடம் தரச் சொன்னாள். ரேப் சுற்றியதைக் கண்டதும் உதட்டைக் கடித்தாள்.

“எதுக்கு எண்டு சொல்லி வாங்கினனீங்கள்?”

“ரோச்சுக்கு எண்டு.”

“ஏன்?”

“சரசக்கா பின்னாலை நிண்டவ.”

சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்படியில் இருந்து சிரித்தாள். “ஓ மை கோட், அம்மா. சரச அன்ரிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தப் பாத்தனீங்கள்.” அப்படியே சிரித்துக்கொண்டிருந்தவளின் தோள் வேறுவிதமாகக் குலுங்கத் தொடங்கியது. பக்கத்தில் இருந்தேன். தொடவில்லை. தொட்டால் எழும்பிப் போகிற வயது இன்னும் அவளுக்குப் போகவில்லை.

“எதுக்கு இப்ப அந்த வேப்?” என்று கேட்டாள், என்னைப் பாராமல்.

“படைக்க.”

“சிகரெட்?”

“இல்லை. பெரியப்பாவுக்கும் சொல்லிப்போட்டன். குணம் விட்டவர், கொண்டு வராதேங்கோ எண்டு.”

சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மரத்திலிருந்து இலைகள் எங்கள் வளவுக்குள் விழுந்துகொண்டிருந்தன.

“நான் சரியானதை வாங்கிக்கொண்டு வாறன்” என்றாள்.

“வெள்ளிக்கிழமை வருவியோ?”

“பற்றரி கொண்டு வர வேணுமே, அம்மா.”

6

வெள்ளி காலை ஐயர் வந்து செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போனார். படையல் மத்தியானம். தர்சினி முன்வாசலால் வந்தாள். செருப்பைக் கழற்றி வைத்த இடம், அவள் பள்ளிக்கூடச் சப்பாத்து வைக்கிற பழைய இடம்.

டப்பியைத் திறந்து காட்டினாள். கட்டையான சோடி, தோலில் ஒரு கீறல் இல்லை. “அந்த ரோச் கடையிலைதான். செத்துப்போன அப்பான்ரை வேப்புக்கு எண்டு சொன்னன். அவருக்கு அது புதினமாகவே இல்லை. தாங்களும் செத்துப்போன தம்பியின்ரை நாளுக்குச் சிகரெட் வைக்கிறவையாம்.”

நான் எந்த மனிசருக்கு ஒளித்தேன் பாருங்கள்.

பற்றரிகளைச் சார்ஜரில் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். கட்டளை அவளுடையது, போக முடியாது. நான் வாழைக்காயைப் பொரித்தேன். மெதுவாகப் பொரித்தேன். அவள் பயிற்றங்காய் முறித்துத் தந்தாள், நீளமும் கட்டையுமாக. சிவப்பு சிவப்பாகவே எரியட்டும் என்று, அடுப்பைப் பார்த்தபடி, எந்தக் கடவுளையும் குறிப்பிடாமல் வேண்டிக்கொண்டேன்.

படத்துக்கு முன்னால் இலை போட்டோம். சோறு, கறிகள், வடை, தண்ணீர். வலப்பக்கம் வேப். அவர் மிச்சம் விட்ட குப்பியிலிருந்து தர்சினி திரவம் ஊற்றியிருந்தாள். காலையில் சிட்னியிலிருந்து வந்திறங்கிய தமையன் கைகட்டி நின்று அதை உற்றுப் பார்த்தார்.

“இதை எப்பிடிப் பிள்ளை பத்த வைக்கிறது?”

“பத்த வைக்கிறேல்லை, பெரியப்பா. இழுக்க வேணும்.”

“அப்ப ஆர் இழுக்கிறது?”

இதை நான் யோசிக்கவே இல்லை. சிகரெட் தானாக எரியும். பற்றவைத்துக் கதவைச் சாத்தினால் போதும். இந்தக் கருவி அப்படியில்லை. எவ்வளவு நல்ல பற்றரி போட்டாலும், ஒரு உயிரின் மூச்சு இல்லாமல் இது புகைக்காது. எல்லாவற்றையும் தேடினேன், மூச்சை மறந்துவிட்டேன்.

“எனக்கு இருதயக் குழாயிலை ஸ்ரென்ற் கம்பி வைச்சிருக்கு” என்றார் தமையன், மன்னிப்புக் கேட்கிற குரலில். நான் குனிந்து கையை நீட்டினேன். அதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

“தர்சி, வேண்டாம் பிள்ளை.”

“ஒருக்காத்தான், அம்மா.”

தன் வாழ்க்கையில் ஒரு சிகரெட்டைத் தொடாதவள். படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். பட்டனில் பெருவிரலை வைத்தாள். தகப்பனுக்காக அவள் பட்டன் அழுத்துவது இது இரண்டாம் தடவை என்று எனக்கும் தமையனுக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இழுத்தாள். இருமினாள். இருமலோடு சேர்ந்து ஒரு பெரிய வெள்ளைப் புகை அவருடைய முகத்தை மூடியது. வனிலா கஸ்ரட். அறை முழுக்கப் பிறந்தநாள்.

வெளியே வந்து கதவைச் சாத்தினோம். கதவிடுக்கால் அந்த வாசம் மெல்ல வந்தது. “இதுதானே அவன் பிறகு குடிச்சது?” என்று தமையன் கேட்டார். “ஓம், பெரியப்பா.” “எனக்குத் தெரியாதடி பிள்ளை.” அவள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பிட்டு, தமையனை விமானத்துக்கு ஏற்றிவிட ஆள் வந்து கூட்டிக்கொண்டு போக, வீடு பின்னேர வெயிலில் பழையபடி பெரிதாகிவிட்டது. நான் கோப்பைகளைக் கழுவினேன். இனிக் கார்ச் சாவி சத்தம் கேட்கும் என்று தண்ணீரைக் குறைத்துத் திறந்திருந்தேன். கேட்டது வேறு சத்தம். கருவியின் மூடி திறக்கிற சத்தம்.

“அம்மா, இதைத் திருப்பிச் சார்ஜிலை போட்டு வைப்பம்.”

ஒருக்கா இழுத்தால் பற்றரி எவ்வளவு இறங்கும் என்று இந்த ஒரு கிழமையில் எனக்கே தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியாதா?

“ஓம், போடு” என்றேன். “ஆராவது பக்கத்திலை இருக்க வேணுமல்லே.”

“ஓம். நான் இருக்கிறன்.”

தேநீர் போட்டேன். உடுப்புகளில் பெயர் மாறிய கதை ஒன்று சொன்னேன். அவள் தன் வேலையிடத்துக் கதை ஒன்று சொன்னாள், பாதி தமிழில். சார்ஜரில் பச்சை எரியத் தொடங்கிக் கனநேரம் ஆகிவிட்டது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.